வாழைப்பூத் தேனில் கிடைத்த ஈஸ்ட் புதிய சிற்றினமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். முதுகலை நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர் வாழைப்பூத் தேனிலிருந்து ஒரு ஈஸ்டைப் பிரித்தெடுத்திருக்கிறார். காலனி லேசான செம்பழுப்பு நிறம். செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்னும் பகுதியின் எழுத்து வரிசையைப் படித்து, பிளாஸ்ட் என்னும் இணைய ஒப்பீட்டுத் தேடலில் போட்டுப் பார்த்தபோது மிக நெருக்கமாக வந்தது மெட்ச்னிகோவியா புல்செரிமா என்ற ஈஸ்ட், 97 சதவீதப் பொருத்தம். "97 தான் என்றால் இது புதிய சிற்றினம்தானே? கட்டுரை எழுதிவிடலாமா, இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில்: கையில் இருப்பதை வைத்து இப்போது சொல்ல முடியாது. உங்கள் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு பேரினமாக இருந்தால் இந்த 97ஐப் பார்த்து நானும் உற்சாகப்பட்டிருப்பேன். ஆனால் உங்களுக்கு வாய்த்திருப்பது மெட்ச்னிகோவியா, அதிலும் புல்செரிமாவின் சுற்றம். இந்த எண்ணைக் கொஞ்சமாக மட்டுமே நம்ப வேண்டிய இடங்களில் இது முக்கியமானது. ஏன் என்று சொல்வதற்கு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான ஈஸ்டுகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். உருண்டையாகவோ முட்டை வடிவிலோ ஒரு செல், பக்கத்தில் ஒரு மொட்டு. அதனால் பழைய வகைப்பாட்டியலாளர்கள் அது எதைச் சாப்பிடுகிறது என்று பார்த்தார்கள். குளுக்கோஸ், கேலக்டோஸ், மால்டோஸ், லாக்டோஸ் என்று ஒவ்வொரு சர்க்கரையையும் தனித்தனிக் குழாயில் கொடுத்து, எதைப் புளிக்க வைக்கிறது, எதில் வளர்கிறது, எந்த வெப்பநிலை வரை தாங்குகிறது, ஸ்போர் எனும் வித்து என்ன வடிவம் என்று அட்டவணை போட்டார்கள். பொறுமையான, நேர்மையான வேலை அது. ஆனால் அடிப்படையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன் ஒரே ஒரு மரபணு கெட்டுப்போனாலும் போய்விடும். ஒரே ஒரு மரபணு வந்து சேர்ந்தாலும் வந்துவிடும். நாம் ரொட்டிக்குப் போடும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேவுக்கு எலிப்சாய்டியஸ், செவாலியரி, இட்டாலிக்கஸ், டயஸ்டாட்டிக்கஸ் என்று ஒரு காலத்தில் தனித்தனிச் சிற்றினப் பெயர்கள் இருந்தன. டயஸ்டாட்டிக்கஸ் மாவுச்சத்தை உடைக்கும். அதற்குக் காரணம் அதனிடம் உள்ள எஸ்டிஏ வகை மரபணு. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செரிவிசியேதான். இன்று இந்தப் பெயர்கள் எல்லாம் செரிவிசியேவுக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். வேறு வேறு சிற்றினங்கள் சர்க்கரைச் சோதனையில் ஒன்றுபோலத் தெரிந்து, ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டாவது வகைத் தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 2009இல் டோக்கியோவில் 70 வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்த ஈஸ்டை ஜப்பானிய ஆய்வாளர்கள் ரைபோசோம் டிஎன்ஏ வரிசையை வைத்துப் புதிய சிற்றினம் என்று காட்டினார்கள். லத்தீனில் காது என்று பொருள்படும் 'ஆரிஸ்' என்பதைச் சேர்த்துக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டுகளில் டெல்லியில் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் இதே ஈஸ்ட் இருந்தது. ஆனால் தானியங்கி உயிர்வேதியியல் கருவி அதைக் கேண்டிடா ஹீமுலோனியை என்றே காட்டியது. டிஎன்ஏவைப் படித்தபோதுதான் அது ஆரிஸ் என்று தெரிந்தது. ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியை வேறு பெயரில் குறித்து வைத்தால் சிகிச்சை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரமான நான்கில் ஒன்றாக ஆரிஸ் இருக்கிறது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் பட்டியலில் ஆரிஸ் என்ற பெயரே அப்போது கிடையாது; இருப்பதில் எது நெருக்கமோ அதைச் சொன்னது. பிளாஸ்டும் அப்படித்தான். இருப்பதில் நெருக்கமானதைச் சொல்லும், அவ்வளவுதான்.

சரி, ரைபோசோம் டிஎன்ஏவை ஏன் எடுத்தார்கள்? எல்லா உயிரிலும் இருக்கிறது, வேலை மாறாதது, அதனால் ஒப்பிட வசதி. கூடவே ஒரு நடைமுறை லாபமும் உண்டு. செரிவிசியேவின் 12ஆம் குரோமோசோமில் இந்தப் பகுதி 100 முதல் 200 தடவை வரை அடுத்தடுத்து வருகிறது. இத்தனை பிரதிகள் இருப்பதால், டிஎன்ஏத் துண்டைப் பலமடங்காகப் பெருக்கும் பிசிஆர் சுலபமாக வேலை செய்யும். பிரதிகளுக்குள் வேறுபாடு வந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். சாதாரணமாக வராது. ஒரே சுற்றறிக்கையின் நூறு நகல்களை ஒருவர் அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படி செல் இந்தப் பிரதிகளைச் சமன்செய்துகொண்டே வரும். அதனால் ஒரு பிரதியைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. இந்த அனுமானத்தை நினைவில் வையுங்கள். உங்கள் சிக்கல் இங்கேதான் வரப்போகிறது.

1998இல் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்தில் கிளெட்டஸ் கர்ட்ஸ்மன், கிறிஸ்டி ராப்நெட் இருவரும் ஏறக்குறைய 500 ஈஸ்ட் சிற்றினங்களின் பெரிய ரைபோசோம் துணையலகில் டி1/டி2 என்னும் சுமார் 600 எழுத்துப் பகுதியைப் படித்து வெளியிட்டார்கள். ஒரே சிற்றினத்தின் ஸ்ட்ரெயின்களுக்குள், அதாவது தனித்தனியாகப் பிரித்தெடுத்த வளர்ப்புகளுக்குள், பொதுவாக 3 எழுத்து வரைதான் வித்தியாசம். 6 அல்லது அதற்கு மேல், அதாவது சுமார் 1 சதவீதம் மாறினால் பெரும்பாலும் வேறு சிற்றினம் என்று கண்டார்கள். அதற்கு முன்பு ஈஸ்டை அடையாளம் காண வாரக்கணக்கில் சர்க்கரைக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. பிறகு 2016இல் நெதர்லாந்தின் சிபிஎஸ் பூஞ்சைச் சேகரிப்பில் இருந்த 9,000க்கும் மேற்பட்ட ஸ்ட்ரெயின்களை அலசி, சிற்றின எல்லை ஐடிஎஸ்ஸில் சுமார் 98.4 சதவீதம், டி1/டி2 உள்ள பகுதியில் சுமார் 99.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். உங்கள் 97 இந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் இவை ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பார்த்து எடுத்த பொது எல்லைகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொருந்தும் என்று யாரும் உறுதி தரவில்லை. இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு. லாகர் பீரின் ஈஸ்டான சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸும் சாக்கரோமைசிஸ் பயானஸும் டி1/டி2வில் ஒன்றேபோல இருந்தன. மறுபக்கம் கிளாவிஸ்போரா லூசிடேனியேவில், தங்களுக்குள் கூடி இனம்பெருக்கும் ஸ்ட்ரெயின்களுக்கு இடையிலேயே அந்த 600 எழுத்தில் 30 வரை மாறியிருக்கும். 6 என்ற விதியை அங்கே அப்படியே வைத்தால் ஒரே சிற்றினத்தை நாலைந்தாக வெட்டிவிடுவோம்.

இப்போது மெட்ச்னிகோவியா. ஹங்கேரியைச் சேர்ந்த மத்தியாஸ் சிப்பிட்ஸ்கியும் சகாக்களும் 2013இல் மெட்ச்னிகோவியா ஆண்டாவென்சிஸ், மெட்ச்னிகோவியா ஃப்ருக்டிகோலா ஆகிய இரண்டின் வகைமாதிரி ஸ்ட்ரெயின்களை, அதாவது அந்தச் சிற்றினப் பெயர்களுக்கு ஆதாரமாக வைத்த ஸ்ட்ரெயின்களை எடுத்து, ஒரே செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் டிஎன்ஏ பிரதிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்கி, அதாவது குளோன் செய்து படித்தார்கள். பிரதிகள் சமன்செய்யப்படவே இல்லை. ஒரே ஜீனோமுக்குள், அதாவது ஒரே செல்லின் முழு டிஎன்ஏத் தொகுதிக்குள், பலவிதமான வரிசைகள். இரண்டு சிற்றினங்களின் பிரதிகளும் ஒரே தொகுப்பிலிருந்து கலந்து எடுத்தவை போல இருந்தன. மேலே சொன்ன அனுமானம் இங்கே உடைகிறது. உங்கள் பிசிஆர் எந்தப் பிரதிகளை அதிகம் பெருக்கியதோ அதைப் பொறுத்து 97 வரலாம், 99 வரலாம். பிளாஸ்டில் வந்த புல்செரிமா வரிசையும் அதன் பல பிரதிகளில் ஒன்று மட்டுமே.

உங்கள் காலனியின் செம்பழுப்பு நிறமும் இதே கூட்டத்தைத்தான் காட்டுகிறது. புல்செரிமினிக் அமிலம் இரும்போடு சேர்ந்து புல்செரிமின் என்னும் சிவப்பு நிறமியாகிறது. ஊடகத்தில் இரும்பு உப்பைக் கூட்டினால் நிறம் அடர்த்தியாகும். செய்து பாருங்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நிறமியைப் பல சிற்றினங்கள் செய்வதால், கூட்டத்துக்கு வெளியே இல்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

அப்படியானால் என்ன செய்வது? எந்தத் தீவிரமான வேலைக்கும் முன்னால், வரிசை சுத்தமா என்று பாருங்கள். நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், தனிக் காலனி என்று நம்பி எடுத்தது இரண்டு ஈஸ்டுகளின் கலவையாகிப் பல மாத வேலை வீணானது. அன்றிலிருந்து ஒரு காலனியைக் குறைந்தது மூன்று முறை ஊடகத் தட்டில் கோடிழுத்துப் பிரிக்காமல் டிஎன்ஏ எடுப்பதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வரிசை எழுத்துகளாக வந்த கோப்பை மட்டும் பார்க்காதீர்கள்; ஒவ்வொரு எழுத்தும் ஒரு உச்சியாகத் தெரியும் மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு உச்சிகள் ஏறிநின்றால் கலப்படம் ஒரு காரணமாக இருக்கலாம். சுத்தமான காலனியிலும் அதே இடங்களில் இரட்டை உச்சி திரும்ப வந்தால், பிரதிகளே வேறுபடுகின்றன என்று பொருள். அப்போது பிசிஆர் துண்டைப் பிளாஸ்மிட் என்னும் பாக்டீரியாவின் சிறு வட்ட டிஎன்ஏவில் குளோன் செய்து பத்துப் பதினைந்து குளோன்களைப் படித்தால் உண்மை நிலவரம் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு திசையிலும் படிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பிளாஸ்டில் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையைப் போடலாம், அவர்கள் வைத்த பெயரோடு. தப்பான பெயரோடு கிடக்கும் வரிசைகள் நிறைய. வகைமாதிரிகளின் வரிசைகளில் மட்டும் தேடும் வசதி அதே பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். சதவீதத்தோடு, உங்கள் வரிசையில் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும் பாருங்கள். பாதி நீளத்துக்கு 97 என்பதற்கு அர்த்தம் வேறு.

இனிமேல்தான் முக்கியமான வேலை: புரதத்தைக் குறிக்கும் மரபணுக்கள். இவை பெரும்பாலும் ஒரே பிரதியாக இருப்பதால் ரைபோசோம் டிஎன்ஏவின் குழப்பம் இங்கே கிடையாது. ஈஸ்ட் வகைப்பாட்டில் வழக்கமாக எடுப்பவை டிஇஎஃப்1, ஆர்பிபி1, ஆர்பிபி2, ஆக்ட்1. இவற்றில் மூன்று நான்கைப் படித்து, உங்கள் ஸ்ட்ரெயினையும் அக்கம்பக்கத்துச் சிற்றினங்களின் வகைமாதிரிகளையும் வைத்து ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனி மரம், அதாவது எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைப்படம், வரையுங்கள். உடனே எல்லாவற்றையும் ஒட்டி ஒரே மரமாக ஆக்கிவிடாதீர்கள். இரண்டு கூட்டங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆகி, தங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை நின்றுபோயிருந்தால், எல்லா மரபணு மரங்களும் ஒரே இடத்தில் பிளக்கும். இன்னும் கலப்பு நடந்துகொண்டிருந்தால் ஒரு மரம் இங்கே பிளக்கும், இன்னொன்று வேறு இடத்தில். மரங்கள் ஒத்துப்போகும் அந்தக் கிளைதான் சிற்றினத்தின் எல்லை. 98.4 போன்ற எண்களைவிட இந்த ஒத்துப்போதலைத்தான் நான் நம்புகிறேன்.

இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரெயின் வேண்டும். ஒரே ஸ்ட்ரெயினை வைத்து அறிவிக்கப்பட்ட சிற்றினங்கள் நிறைய உண்டு. விதியும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த வேறுபாடு சிற்றினத்துடையதா, அந்த ஒரு ஸ்ட்ரெயினுடையதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? வேறு தோட்டம், வேறு ரகம், முடிந்தால் வேறு மாவட்டத்து வாழைப்பூவிலிருந்தும் எடுங்கள்.

கடைசியாக முழு ஜீனோம். இப்போது ஈஸ்டுக்கு இது எட்டாக்கனி இல்லை. செரிவிசியேவின் ஜீனோம் சுமார் 1.2 கோடி எழுத்து. உங்களுடையது இதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கலாம். இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு சிற்றினமாக எண்ணலாம் என்று ஒரு வழிகாட்டி எல்லை புழங்குகிறது. இதுவும் வழிகாட்டிதான்.

ஒரு புதிய சிற்றினத்தை இந்த வழியில் நிறுவினால் எவ்வளவு தெளிவு பிறக்கும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. லாகர் பீரின் ஈஸ்டான பாஸ்டோரியானஸ் ஒரு கலப்பினம் என்று 1980களிலேயே தெரியும். ஒரு பெற்றோர் செரிவிசியே. மற்றவர் குளிரைத் தாங்கும் ஏதோ ஒரு சாக்கரோமைசிஸ். அது பயானஸாக இருக்கும் என்று நினைத்தார்கள், ஆனால் வரிசைகள் சரியாகப் பொருந்தவில்லை. 2011இல் டியேகோ லிப்கைண்ட், ஜோசே பாவ்லோ சாம்பாயோ, கிறிஸ் டாட் ஹிட்டிங்கர் குழுவினர் விடையை வெளியிட்டார்கள். அர்ஜென்டினாவின் பாட்டகோனியாவில், பரிலோச்சே வட்டாரக் காடுகளில், நோத்தோஃபேகஸ் என்னும் மரங்களில் சிட்டாரியா என்ற பூஞ்சை ஆரஞ்சு நிறப் பந்துகள் போலக் காய்த்துத் தொங்கும். இனிப்பானது. அதிலிருந்தும் மரத்தைச் சுற்றிய மண்ணிலிருந்தும் அவர்கள் குளிர்தாங்கும் ஈஸ்டுகளைப் பிரித்தார்கள்.

கிடைத்தவை இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒன்று ஏற்கெனவே தெரிந்த சாக்கரோமைசிஸ் உவாரம். மற்றொன்று எதோடும் சேரவில்லை. இரண்டும் ஒரே காட்டில் இருந்தாலும் பெரும்பாலும் வேறு வேறு நோத்தோஃபேகஸ் மரங்களில் தங்கின. இரண்டையும் கலந்து பெற்ற ஸ்போர்கள் பெரும்பாலும் முளைக்கவில்லை. ஜீனோமைப் படித்தபோது, லாகர் ஈஸ்டில் செரிவிசியே அல்லாத பாதி இந்த இரண்டாவது கூட்டத்தோடு 99.5 சதவீதம் பொருந்தியது. அதற்கு சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்று பெயரிட்டார்கள், 'உண்மையான பயானஸ்' என்ற பொருளில். அதோடு நிற்கவில்லை. பழைய பயானஸின் வகைமாதிரியை எடுத்து இதோடு ஒப்பிட்டபோது, அது இயற்கையான சிற்றினமே அல்ல, உவாரமும் யூபயானஸும் கலந்து செரிவிசியேவின் சில துண்டுகளும் ஏறிய கலப்பினம் என்று தெரிந்தது. 1895இலிருந்து புழங்கிய ஒரு பெயரின் உள்ளடக்கம் ஒரு காட்டுப் பூஞ்சையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பிறகு திபெத், வட அமெரிக்கா, நியூசிலாந்து, அயர்லாந்து என்று யூபயானஸ் வேறு இடங்களிலும் கிடைத்தது. இந்த வேலையில் ஒவ்வொரு சாட்சியும் தனியாக வந்து ஒரே இடத்தைக் காட்டுவதைக் கவனியுங்கள்: மரபணு, கலப்புச் சோதனை, வாழிடம்.

சில நேரம் இதே அலசல் சிற்றினங்களைச் சேர்த்தும் வைக்கும். மருத்துவமனைகளில் நோய் தரும் கேண்டிடா க்ரூசை, புளித்த உணவுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிக்கியா குட்ரியாவ்செவியை, தொழிற்சாலையில் கிளிசரால் எடுக்கப் பயன்பட்ட கேண்டிடா கிளிசரினோஜீன்ஸ் ஆகியவற்றின் ஜீனோம்களை 2018இல் ஒப்பிட்டார்கள். 99.6 சதவீதம் ஒன்று. ஒரே சிற்றினம், பல பெயர்கள். உங்கள் ஈஸ்ட் விஷயத்திலும் முடிவு இப்படி அமையலாம். புல்செரிமா கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் சில ஒன்றாகிவிடும் என்று காட்டினால் அதுவும் அருமையான கட்டுரைதான். உங்கள் வழிகாட்டியிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

எல்லாம் ஒத்துவந்து புதிய சிற்றினம்தான் என்று ஆனால், பெயர் வைப்பதற்கு விதி உண்டு. ஈஸ்டும் பூஞ்சை என்பதால் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதிகள்தான் இதற்கும். 2012 முதல் விவரிப்பை லத்தீனில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஆங்கிலம் போதும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் பதிவு எண் வாங்காமல் பெயர் செல்லாது. வகைமாதிரியை வளர்ச்சி நிறுத்திய நிலையில், அதாவது உறைய வைத்தோ உறைந்து உலர வைத்தோ பாதுகாக்க வேண்டும். பல இதழ்கள் இரண்டு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைத்த சான்று கேட்கும். இங்கே சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் என்சிஐஎம் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு ஸ்ட்ரெயின் அனுப்பும் முன் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் என்ன அனுமதி வேண்டும் என்று தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். தலைமையகம் சென்னையிலேயே தரமணியில் இருக்கிறது. பெயரைப் பொறுத்தவரை உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. பப்பாளிப் பழத்தில் கிடைத்த ஒரு ஈஸ்டுக்கு ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் சுருக்கப் பெயரையே லத்தீனாக்கி பிக்கியா செசெம்பென்சிஸ் என்று வைத்தார்கள்.

இவ்வளவும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். சுத்தப்படுத்திய காலனியைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80இல் குறைந்தது நாலைந்து குப்பிகள் வையுங்கள், எந்தத் தோட்டம், எந்த ரகம், எந்தத் தேதி என்று ஒவ்வொன்றிலும் எழுதி. அப்புறம் டி1/டி2வையும் டிஇஎஃப்1ஐயும் இரண்டு திசையிலும் படிக்கக் கொடுங்கள். வரிசை வந்ததும் உச்சிகள் உள்ள மூலக் கோப்புகளை இங்கேயே சேர்த்து விடுங்கள், இரட்டை உச்சி எங்கே இருக்கிறது என்று நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.